வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் அந்தக் கேமராக்காரருக்கு வைத்திருந்த பெயர் தள்ளிநில்லு. "தள்ளிநில்லு சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கேமரா கைக்கு வந்துவிட்டால் மனுஷர் வாயில் வேறு வார்த்தையே வராது. மாப்பிள்ளையின் மாமாவா, தள்ளி நில்லுங்க. மேடை அலங்காரம் செய்தவரா, தள்ளி நில்லுங்க. படத்துக்குள் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதை ஆண்டவனுக்கு அடுத்தபடி தானே முடிவு செய்வதாக அவருக்கு ஒரு நினைப்பு. இருபது வருஷம் அந்த நினைப்புதான் சோறு போட்டது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு தாயும் மகளும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள்.

மகளை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுடைய நிச்சயதார்த்தத்தை எடுத்தவர் அவர்தான். இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம், அதற்கும் அவர்தான். ஏதோ ஆல்பம் விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அப்பா போயிட்டார் அண்ணா," என்றாள் அந்தப் பெண். "போன மாசம். மெஷின்ல உக்காந்து தைச்சிட்டிருந்தார், அப்படியே சாஞ்சிட்டார்."

"அடடா," என்றார் கேமராக்காரர். நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அப்பாவின் முகம் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு மேடையில அப்பா படம் ஒண்ணு பெரிசா வைக்கணும். வீட்டுல இருக்கிறது அடையாள அட்டைக்கு எடுத்ததுதான், திருடனைப் பிடிச்சு எடுத்த மாதிரி இருக்கு. நிச்சயதார்த்தத்தன்னைக்கு நீங்க எடுத்தீங்களே, அது வேணும்."

"ஆல்பத்துல இருக்குமேம்மா?"

"ஆல்பத்துல அப்பாவே இல்லையே. நான் அப்பவே கேட்டேன், என்னப்பா ஒரு படத்துலயும் உங்களைக் காணோமேன்னு. சிரிச்சார். 'என்னைத் தனியா எடுத்தாச்சு. அன்னைக்கு முதல் படமே என்னுதுதான், தெரியுமா?'ன்னார்." அவள் எழுந்து நின்று, கழுத்தில் எதையோ பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு கையை மார்பில் வைத்து, தாடையைக் கொஞ்சம் தூக்கினாள். "இப்படி நிக்கச் சொன்னீங்களாம். அளவெடுக்கிற டேப்பைக் கூடக் கழட்ட விடலையாம். வீட்டுல இதை அவர் நடிச்சுக் காட்டாத நாளே இல்லை."

டேப் என்ற சொல்லைக் கேட்டதும்தான் கேமராக்காரருக்கு மேடை ஓரத்தில் நின்ற ஒரு ஆள் நினைவுக்கு வந்தார். அம்மாக்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடிப் பார்த்துச் சொல்றேம்மா," என்றார். வேறு என்ன சொல்வார்?

அவர்கள் தெருத் திருப்பத்தைத் தாண்டும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். அந்தக் காலை நேரம் அவருக்கு அப்படியே கண்ணில் வந்தது. மண்டபத்தில் யாரும் வந்து சேரவில்லை. மேடை ஓரத்தில் கழுத்தில் அளவு டேப்போடு ஒரு ஆள் நின்று, பெண்ணின் உடையில் கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தார். பெண் வருவதற்கு முன்னால் விளக்குகளைச் சரிசெய்ய வேண்டும். யாராவது ஒருத்தரை அந்த இடத்தில் நிறுத்தி ஒன்றிரண்டு எடுத்துப் பார்ப்பது எல்லாக் கேமராக்காரரும் செய்கிற வேலை. வாட்ச்மேன் நிற்பார், மைக் செட்காரர் நிற்பார். அன்றைக்கு டெய்லர் நின்றார். "டெய்லர், அப்படி வந்து நில்லுங்க. தாடையைத் தூக்குங்க. ஆங், அசையாதீங்க." கிளிக். முகத்தின் இடது பக்கம் நிழல் விழுந்திருந்தது. விளக்கை நகர்த்தினார். படத்தை அழித்தார். அவ்வளவுதான்.

அந்த ஆள் பெண்ணின் அப்பாவாக இருக்கலாம் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை? அப்பா என்றால் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் கும்பிடு போட்டு நிற்பார் என்று அவர் மனசில் ஒரு படம். டேப்பும், வாயில் இரண்டு குண்டூசியுமாக முழங்காலில் உட்கார்ந்து மகளின் உடையை மடித்துவிடுகிற ஆள் அப்பா இல்லை, கூலிக்கு வந்தவர். அதற்கப்புறம் நாள் முழுக்க அவரை விரட்டினார். உடையின் ஓரம் சுருங்கினால் நீவிவிட ஓடி வருவார். "டெய்லர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க." கடைசியில் குடும்பப் படம். எல்லாரும் வரிசையாக நின்றார்கள், அவரும் பின்வரிசையில் வந்து நின்றார். "குடும்பத்து ஆளுங்க மட்டும்," என்றார் கேமராக்காரர், அவர் முகத்தைப் பார்த்தே. அந்த மனுஷர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மகளும் மனைவியும் முன்வரிசையில் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கவனிக்கவில்லை.

"ஏங்க, முகத்துல ஈயாடலையே, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அவர் மனைவி. ஸ்டூடியோவில் அவர் எடுப்பார், அவள் கணினியில் திருத்துவாள். அவர் சொன்னார், ஒன்று விடாமல். அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.

"அந்தக் கை," என்றாள் கடைசியில். "பொண்ணோட பாவாடை ஓரத்துல ஒரு கை எல்லாப் படத்துலயும் வந்துட்டே இருந்துச்சு. நீங்கதான் அசிங்கமா இருக்கு, அழிச்சிடுன்னீங்க. நாற்பது படத்துல உக்காந்து அழிச்சேன். கண்ணு பூத்துப்போச்சு."

"திருத்தாத படம் இருக்குமா?"

"ஆல்பம் கொடுத்து அறுபது நாள் ஆனா நாமதான் அதையெல்லாம் தூக்கிடுவோமே. போன வாரம்தான் தூக்கினேன்."

இருவரும் எல்லாக் கார்டையும், பழைய டிஸ்க்குகளையும், ஒரு வேளை ஒரு வேளை என்று புதன் முழுக்கத் துழாவினார்கள். டெய்லர் எங்கேயும் இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும்.

வியாழக்கிழமை கேமராக்காரர் அந்த வீட்டுக்கு நடந்தே போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிட வேண்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அம்மா மட்டும் இருந்தாள். முன் அறையில் தையல் மெஷின்மேல் உறை போட்டிருந்தது.

"அம்மா, அந்தப் படம்…" என்று தொடங்கினார்.

"இல்லைன்னு எனக்குத் தெரியும் தம்பி. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கே அவர் எங்கிட்ட சொல்லிட்டார்," என்றாள். "நீங்க எடுத்தப்ப அவருக்கு ஒரே சந்தோஷமாம். எப்படி வந்திருக்குன்னு பார்க்க உங்க பின்னாடியே வந்தாராம். 'அது சும்மா வெளிச்சம் பார்க்க எடுத்தது டெய்லர், அழிச்சாச்சு'ன்னு சொன்னீங்களாம். திரும்பிக்கூடப் பார்க்கலையாம்."

இது கேமராக்காரருக்கு நினைவே இல்லை. மற்றதெல்லாம் நினைவிருந்தது, இது இல்லை. அவமானத்தில் காது சுட்டது. ஒரு மனுஷரை அப்படிச் சொல்லிவிட்டு அதை மறந்தும்விட்டோமே என்று இருந்தது.

"அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்…"

"சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் கேட்டுத் திட்டினேன். 'அவர் வேலை மும்முரத்துல இருந்தார், நம்மால விசேஷம் நின்னுடக் கூடாது'ன்னார். அவர் சுபாவம் அப்படி. அளவு தப்பாச் சொல்றவங்ககிட்டகூட எதிர்த்துப் பேச மாட்டார், சரியா வெட்டித் தைச்சுக் கொடுத்துடுவார்." அவள் மெஷின் உறையின் மடிப்பை நீவிவிட்டாள். "பொண்ணு ஆல்பத்தைப் பார்த்துட்டு முகம் வாடினா. அதுக்காக, அழிச்சதை மறைச்சு ஒரு பொய் சொன்னார். முதல் படமே என்னுதுன்னு. எனக்கு உங்க மேல கோபம் இல்லைன்னு சொன்னா அது இன்னொரு பொய். ராத்திரி பகலா அந்த உடையைத் தைச்ச மனுஷனை நாயை விரட்டுற மாதிரி விரட்டியிருக்கீங்க."

"என்ன வேணாலும் திட்டுங்கம்மா. பொண்ணுகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லி?" என்றாள் அம்மா. "உங்க மனசு லேசாயிடும். அவளுக்கு? அப்பாவை மேடையை விட்டு இறக்கினாங்க, நான் பக்கத்துல சிரிச்சிட்டு நின்னேன்னு காலம் பூரா உறுத்தும். வேணாம் தம்பி. படத்தைச் செஞ்சு கொடுங்க. இப்ப எல்லாம் செய்ய முடியுதாமே."

உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தாள். அதற்குள் கட்டம் போட்ட ஒரு சட்டை, சுருட்டிய மஞ்சள் டேப், அடையாள அட்டைப் படம். "அன்னைக்குப் போட்டிருந்த சட்டை. வெளுத்து வச்சிருக்கேன்."

பாவமன்னிப்புக் கேட்கப் போனவர் பையோடு திரும்பினார். வழியெல்லாம் அது கனத்தது.

மனைவி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "முகம் இருக்கு, மேடையும் நம்மகிட்ட காலியா எடுத்தது ஒண்ணு இருக்கு. உடம்புக்கு எங்க போறது?" என்றாள். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டையைப் போடுங்க."

"நானா?"

"பின்ன? தெருவுல போறவரைக் கூப்பிட்டு அந்தச் சட்டையை மாட்டிவிடவா?"

சட்டை தோளில் பிடித்தது. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு வெள்ளைத் திரை முன்னால் போய் நின்றார். இருபது வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் நின்றதே இல்லை. விளக்கு கண்ணைக் குத்தியது. கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை பேரை நிறுத்தி வைத்தோமே, இவர்களெல்லாம் இவ்வளவு கூச்சத்தோடா நின்றார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டேப்பைப் பிடிங்க. தாடையைத் தூக்குங்க," என்றாள் மனைவி. "கொஞ்சம் சிரிங்களேன். அந்த மனுஷர் சந்தோஷமாத்தானே நின்னார்?"

"முகத்தைத்தான் வெட்டிடப் போறியே, சிரிச்சா என்ன, அழுதா என்ன?"

"அழுதா தோள் குலுங்குது," என்றாள் அவள், கேமராவை இறக்கிக்கொண்டு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றார்.

இரண்டு நாள் அவள் கணினியை விட்டு நகரவில்லை. அடையாள அட்டையில் கடுப்பாக இருந்த முகத்துக்கு உதட்டு ஓரத்தில் ஒரு துளி சிரிப்பு வரவழைக்கப் பாதி நாள் ஆனது. கைதான் அவளை உறுத்தியது. "அந்தக் கையை நாற்பது இடத்துல அழிச்சேன். இப்ப ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்னு இருக்கு," என்றாள். கிடைக்கவில்லை. கேமராக்காரரின் கையே படத்தில் இருந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டமும் அடித்து, வெள்ளைத் துணி சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். மகள் துணியை விலக்கினாள். விலக்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேமராக்காரர் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தார். கண்டுபிடித்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"சொன்ன மாதிரியே நிக்கிறாரும்மா," என்றாள் மகள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. "அப்பா அளந்துவிடுறார்னு உள்ளுக்குள்ள எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு அண்ணா. யாரும் அவரைக் கண்டுக்கலையோ, என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாரோன்னு. நிஜமாவே எடுத்திருக்கீங்க."

கேமராக்காரர் தலையை ஆட்டினார். பின்னால் அவர் மனைவி உள் அறைக்குப் போய்விட்டாள்.

மகள் படத்துக்குக் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். முகத்தைத் தொடவில்லை. டேப்பைப் பிடித்திருந்த அந்தக் கையின்மேல் தன் விரலை வைத்தாள்.

"முகம் அட்டைப் படத்துலயும்தான் இருக்கு. இது எங்கயும் இல்லைம்மா, இது அப்பா கை. பாரு, கத்திரி பிடிச்சுப் பிடிச்சுக் கட்டைவிரல் சாஞ்சிருக்கு." குனிந்து அந்தக் கையில் முத்தம் கொடுத்தாள்.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் ஊன்றியிருந்த கேமராக்காரரின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை மெதுவாக எடுத்துக் கால்சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது மகள் படத்தை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு, கதவருகே நின்ற அவரிடம், "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அப்பா இடிச்சுக்கப் போறார்," என்றாள்.

அவர் தள்ளி நின்றார்.