பெரும்பனிக்கு ஒதுக்கியது

கீத்தைப் போல ஒரு கஞ்சனைச் சிங்கப்பூரில், அவன் பேட்டையான புக்கிட் பாத்தோக் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பணத்தில் அல்ல, அதில் அவன் தாராளம்தான். கணினி விளையாட்டில் நகரம் கட்ட உட்கார்ந்தால் மட்டும் ஒரு கரித்துண்டைக்கூட வெளியே விடமாட்டான். ஊரே குளிரில் நடுங்கும், ஜனங்கள் இருமிக்கொண்டே வேலைக்குப் போவார்கள், கிடங்கிலோ நிலக்கரி கூரையைத் தொடும். கேட்டால், ஆட்டத்தின் கடைசியில் பெரும்பனி வரும்போது வேண்டாமா என்பான்.

இந்த விளையாட்டுகளைப் பற்றி அவனும் நண்பன் அர்ஜுனும் யூடியூபில் ஒரு சேனல் நடத்தினார்கள். சனிக்கிழமைதோறும் ஃபேரர் பார்க்கில் அர்ஜுன் வீட்டில் பதிவு. பார்ப்பவர்கள் சொற்பம், சண்டை மட்டும் பிரமாதமாக இருக்கும். அந்த வாரம் இரண்டு விளையாட்டுகளை ஒப்பிட்டார்கள். ஒன்று பனி நகரம். அதில் கரியோ உணவோ, சேர்த்து வைத்தால் கடைசிவரை அப்படியே இருக்கும். மற்றது ஆற்றங்கரைக் கிராமம். அங்கே தொட்டித் தண்ணீர் வெயிலில் வற்றும், பறித்த பழம் கிடங்கில் அழுகும்.

"பனி நகரம்தான் பெஸ்ட். பிளான் பண்றவனுக்கு அங்கதான் மரியாதை," என்றான் கீத்.

"சேத்து வெச்சது கெட்டுப் போகணும்டா," என்றான் அர்ஜுன். "அப்பதான் எப்ப செலவு பண்றதுன்னு யோசிப்ப. உன் கேம்ல என்ன, சும்மா அடுக்கிட்டே போறதுதான்லா."

"உன் ஊர்ல எல்லாரும் தாகத்துல செத்தாங்களே, மறந்துட்டியா?"

"உன் ஊர்ல கரி நிறைய இருக்கும்போதே குளிர்ல செத்தாங்க. அது இன்னும் கேவலம்."

இந்தக் கடைசி வரியைக் கீத் வீடியோவில் வெட்டிவிட்டான். எடிட்டிங் அவன் பொறுப்பாயிற்றே!

வீட்டில் அவனுடைய அப்பா பெர்னார்ட் இருந்தார். இதயம் பலவீனம், சக்கர நாற்காலி. இனி மாதக் கணக்குதான், எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து கீத் அலுவலக விடுப்பில் ஒரு நாளைக்கூடத் தொடவில்லை. முடிவு நெருங்கும்போது மொத்தமாக எடுத்து, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்பது திட்டம். பாசம்தான், யார் இல்லை என்றது?

அப்பா கேட்டது சின்ன விஷயம். தேக்கா சந்தைக்குப் போய்த் தானே பார்த்து மீன் வாங்க வேண்டும். சனி ஞாயிறு கூட்டத்தில் நாற்காலி நுழையாது, வேலை நாளில்தான் போக முடியும்.

"ஒரு நாள் லீவு போடேன்டா. எந்தக் கிழமைன்னாலும் சரி."

"லீவு சேத்து வெச்சிருக்கேன்ப்பா. பின்னாடி வேணும்."

"எதுக்கு?"

நீங்கள் சாகும்போது என்றா சொல்ல முடியும்? "மீன்தானே, சூப்பர்மார்க்கெட்ல வாங்கிட்டு வர்றேன்," என்றான். அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரமும் கேட்டார், அதற்கடுத்த வாரமும் கேட்டார்.

மனைவி செரினாவுக்கு இது பொறுக்கவில்லை. "இப்ப நல்லா பேசறாரு, சாப்பிடறாரு. இப்ப கூட்டிட்டுப் போங்களேன். அப்புறம் லீவு போட்டு என்ன, பெட் பக்கத்துல உக்காந்து ஃபோன் பாக்கப் போறீங்களா?"

"முன்னாடியே சைன் தெரியும்னு டாக்டர் சொன்னாருலா. கால் வீங்கும், தூக்கம் அதிகமாகும். அப்ப எடுக்கறேன்."

பெர்னார்டின் கால் வீங்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செரினா கலந்து கொடுத்த மைலோவைப் பாதி குடித்துவிட்டு நாற்காலியிலேயே போய்விட்டார். கீத் அப்போது ஜூரோங்கில் ஒரு மீட்டிங்கில் இருந்தான், ஃபோன் சைலண்டில் இருந்தது.

அதன்பிறகு எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி போட்டார்கள், மாலையில் கூடி ஜெபமாலை சொன்னார்கள், பங்குச் சாமியார் வந்து போனார். வந்தவர்களுக்கெல்லாம் கீத் பாக்கெட் பானமும் கச்சாங் கடலையும் எடுத்துக் கொடுத்தான். அழுகை வருமென்று பார்த்தான், வரவில்லை. சரி, அடக்கம் முடிந்து வருமாக்கும் என்று விட்டுவிட்டான். அப்போதும் வரவில்லை.

அலுவலகத்தில் இறப்பு விடுப்பு என்று மூன்று நாள் தனியாகக் கொடுத்தார்கள். சேர்த்து வைத்திருந்ததில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. இதை அர்ஜுனிடம் பஸ் நம்பர் சொல்வது மாதிரி சொன்னான்.

"டேய்," என்றான் அர்ஜுன்.

சனிக்கிழமைப் பதிவை நிறுத்தவில்லை. கீத் பனி நகரத்தைத் திறப்பான். கரி இருக்கும், அடுப்பை மூட்ட மாட்டான், ஜனங்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அர்ஜுன் எட்டி மவுஸை வாங்கி, தானே அடுப்பை மூட்டுவான்.

வருடம் திரும்பியது. போன வருட விடுப்பை மார்ச்சுக்குள் எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நன்றாயிருக்கிறது போங்கள், அதுவும் அழுகும் சரக்குதான்! கீத் மொத்தமாக எழுதிக் கொடுத்தான். முதல் நாள் ஒரு புதன்கிழமை. செய்ய ஒன்றும் இல்லை. ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்கா சந்தைக்குள் போனான். அப்பா சொன்னது சரி, கூட்டமே இல்லை. இரண்டு நாற்காலிகள் பக்கம் பக்கமாகப் போகலாம்.

அப்துல் கையூம் என்று பலகை மாட்டியிருந்த மீன்கடையில், பெரியவர் ஒருவர் பனிக்கட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, என்ன மீன் வேணும்?"

கீத் பார்த்தான். தெங்கிரி இருந்தது, வவ்வால் இருந்தது, கொடுவா இருந்தது, பேர் தெரியாத இன்னும் பல இருந்தன.

"எங்கப்பாவுக்கு," என்றான்.

"அப்பாவுக்கு எது புடிக்கும்?"

மீன் வாங்க வேண்டும் என்று அப்பா அத்தனை தடவை சொன்னார். எந்த மீன் என்று பாவி இவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பெரியவர் இந்த மாதிரி பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்திருப்பார். "வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டு அப்பாகிட்டக் கேளுங்களேன் தம்பி," என்றார். "நான் மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

கீத் சரி என்று தலையாட்டினான். ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.