களைப் பாத்தி

களை வளர்ப்பதற்கு ஒரு படிப்பு, அதற்கொரு பரீட்சை என்று மகள் சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று பல்கலைக்கழகங்கள் கூடிப் பாடங்களைப் பகிர்ந்துகொள்வதாக முடிவு செய்து, ஒப்பந்தம் போடும் முன்பே பாடத்தைத் தொடங்கியிருந்தன. இவள் படித்த இடத்தில் களையியல் சொல்லித்தர ஆள் இல்லை. பேராசிரியை வேறு ஊரில் இருந்தார். பாடம் திரையில் வரும், பாத்தி மட்டும் இங்கே போட்டுக்கொள்ள வேண்டும். கோரையையும் குப்பைமேனியையும் வளர்த்து, களைக்கொல்லி மருந்து அடித்த பாதியையும் அடிக்காத பாதியையும் வீடியோவில் காட்டினால் மார்க். அது ஒன்றுதான் பாக்கி. முடித்தால் பட்டம், பட்டம் வந்தால் விதைக் கம்பெனியில் வேலை. அடுத்த வாரமே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

பரீட்சையன்று காலை பல்கலைக்கழகப் பண்ணைக்கு வந்தவளுக்குப் பகீரென்றது. பாத்தி வழித்துவிட்ட மாதிரி கிடந்தது. அவள் நட்ட ‘களை ஆய்வு’ பலகை மட்டும் துடைத்துப் பளபளவென்று நின்றது.

“அண்ணே! யாருண்ணே பிடுங்கினது?”

“நான்தாம்மா,” என்றார் பண்ணை மேற்பார்வையாளர், பெருமையாக. “மூணு துணைவேந்தருங்க இன்னைக்கு ஒப்பந்தம் போட வராங்க. ஒரு புல்லு தெரியக்கூடாதுன்னு டீன் உத்தரவு. நீ வேற களைன்னு பலகையே வச்சிருந்தியா, முதல்ல அதைத்தான் முடிச்சேன்.”

“பிடுங்கினது எங்க?”

“எரிச்சாச்சே!”

அவளுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. கோரையை ஒழிக்க முடியாமல் ஊரே திணறுகிறது. இந்த மனுஷர் இன்றைக்குப் பார்த்தா சாதிக்க வேண்டும்! அவரைத் திட்டி என்ன செய்ய? இப்படியொரு பாடம் நடக்கிறது என்று அவர் காதில் போட யாருக்கும் தோன்றவில்லையே.

பேராசிரியையை வீடியோவில் அழைத்து வெறும் மண்ணைக் காட்டினாள்.

“பார்க்காத செடிக்கு எப்படிம்மா மார்க் போடுவேன்? அடுத்த பருவம் திரும்பப் போடு.”

“வேலை போயிடும் மேடம்.”

“பாத்தி உங்க இடத்துல இருக்கு. டீன்கிட்ட பேசும்மா.”

டீனிடம் ஓடினாள். அவர் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“பாடம் அவங்களோடது. நான் தலையிட முடியாதும்மா. விழா நேரம், வழிய விடு.”

பாடம் அவர்களுடையதாம், பாத்தி இவர்களுடையதாம். நாசமாய்ப் போனது மட்டும் இவளுடையது.

துணைவேந்தர்கள் பாடப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், கைதட்டல் எழுந்தது. டீன் மைக்கைப் பிடித்தார். “இந்தப் பகிர்வுப் பாடத்தோட முதல் மாணவி இங்கதான் இருக்காங்க. வாம்மா, ரெண்டு வார்த்தை பேசு.”

அவள் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

“நீங்கெல்லாம் வர்றீங்கன்னு என் பரீட்சையப் பிடுங்கி எரிச்சுட்டாங்க,” என்றாள். பிறகு டீன் பக்கம் திரும்பினாள். “முதல் மாணவி இல்ல சார். முதல் அரியர்.”