நிணம் பூசிய வழி

உச்சியேறிய கதிரவன் உலைவாய் இரும்பென எரிய, வற்றிய ஆற்றின் இருமருங்கும் நாணற்புதர்கள் வெளிறிச் சாய்ந்துகிடக்க, கல் அகழ்ந்த குன்றினின்றும் மன்னன் நகர் நோக்கிச் சென்ற மண்வழியிலே, ஒரு தெருவையே தன் நிழலுள் அடக்கவல்ல கருங்கல் ஒன்று, மரச்சறுக்கின்மேல் கட்டுண்டு, கொழுத்த அட்டைபோல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னே வடம்பற்றிய ஆடவர் முதுகு வளைந்து, மூச்சு இரைந்து, ஒருவர் வியர்வையில் ஒருவர் நனைந்து இழுத்தனர். பின்னே நெம்புகோல் தாங்கியோர் அதனை உந்தினர். தொலைவில் நின்று கண்டார்க்கு அது பெருமிதக் காட்சியே. ஆயின் கற்றறிந்த நீவிர் அதனருகே நின்றிருப்பீராயின், கல்லின் மாண்பைக் கண் காணுமுன்னரே காற்றின் தீநாற்றம் உம்மைப் பின்வாங்கச் செய்திருக்கும்.

சறுக்கு தடையின்றி வழுக்கிச்செல்லும்பொருட்டு, வழிநெடுகக் குறுக்கே இட்ட கட்டைகளின்மேல் செத்த மாடுகளின் நிணத்தை உருக்கி ஊற்றினர். அதனை உருக்குபவளும் ஊற்றுபவளும் ஒருத்தியே. கொழுப்புக்காரி என்று அவளை அழைத்து, அச்சொல்லின் மறுபொருளை எண்ணி நகைத்த வடக்காரர்க்கு, "ஆமா, எனக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடத்தான், வேணும்னா உங்க தலையிலயும் ஒரு அகப்பை ஊத்தறேன்" என்று விடை தருவாள். வாய் அவ்வாறு நகைப்பினும் நெஞ்சம் நகைக்கவில்லை. புழு நெளியும் ஊன்துண்டங்களைக் கொப்பரையில் இடும்போதும், ஈக்கள் இமைமேல் அமரும்போதும், சோறு அள்ளிய விரலில் அழுகல் மணக்கும்போதும், தன் உடலையே கழற்றி எறிந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றும்.

அவள் கணவன் வடக்காரர் தலைவன். அவன் கை உயர்ந்தால் வடம் இறுகும், தாழ்ந்தால் தளரும். அவள் தம்பி, சறுக்கு கடந்த கட்டைகளைப் பின்னிருந்து சுமந்து முன்னே இடுபவன். அக்காள் கணவன் சொல்லித்தான் இவ்வேலையில் சேர்ந்தான். இவர்க்கெல்லாம் மேலாகக் கல்லின்மேலேயே கூடாரம் அமைத்து, நறுமணம் தோய்ந்த துணியை மூக்கில் அழுத்தியபடி, தன் எடையையும் பிறர் தோளில் ஏற்றி வந்தான் கண்காணி.

ஊற்றுநீர் கசிந்து இளகிய ஆற்றோரத்து நிலத்தை அடைந்த அந்நண்பகலில், கட்டையை இட்டுத் திரும்பிய தம்பி, அவள் சற்றுமுன் ஊற்றிய நிணத்திலேயே வழுக்கி வீழ்ந்தான். கட்டைகளின் இடையே அவன் கால் சிக்கிக்கொள்ள, சறுக்கின் நுனி அவன் பாதத்தின்மேல் ஏறிற்று. அக்கா என்று அவன் கூவினான்.

கண்காணி துணியை விலக்கிக் கீழே நோக்கினான். "நிறுத்தாதே. இந்தச் சேத்துல நின்னா கல்லு உக்காந்துரும். போனா ஒரு காலு, அவ்வளவுதானே."

அவள் கணவன் மைத்துனனை நோக்கினான்; கண்காணியை நோக்கினான்; பின்பு எவரையும் நோக்காது கையை உயர்த்தினான். வடம் இறுகிற்று.

அடுப்புத் தீயை அவிக்கவெனக் குவித்திருந்த மணலை அவள் கூடையோடு வாரி, நிணம் மின்னிய கட்டைகளின்மேல் கொட்டினாள். மீண்டும் வாரினாள், மீண்டும் கொட்டினாள். மணலைக் கவ்விய சறுக்கு, அறுபடும் விலங்குபோல் அலறி நின்றது. வடம் ஒன்று அறுபட, இழுத்தோர் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தனர். நெம்புகோல் தாங்கியோர் சிலர் கட்டளைக்குக் காத்திராது ஓடிவந்து சறுக்கின் நுனியை உயர்த்த, தம்பியை அவள் இழுத்து எடுத்தாள். உயிர் இருந்தது, பாதம் பாதமாக இல்லை.

கண்காணி அஞ்சியவாறே மாலைக்குள் கல் பாதிச் சறுக்கை மண்ணுள் புதைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டது. அதன்பின் எந்த வடத்துக்கும் அது அசையவில்லை. தன் தலை உருளும் என்று நடுங்கிய கண்காணி, மன்னன் காணவந்தபோது வேறோர் ஆளாக மாறினான். தங்கள் புகழ் நிலைக்க ஏற்ற இடம் இதுவெனக் கல் தானே தேர்ந்து அமர்ந்தது என்று கூறித் தாழ்ந்து வணங்கினான். மன்னன் உளம் குளிர்ந்து, அவ்விடத்திலேயே அதனை நிறுத்துமாறு பணித்தான். புறப்படுமுன், இப்பெரும்பணியில் எவர்க்கேனும் ஊறு நேர்ந்ததோ என்றும் வினவினான். கண்காணியின் பார்வை வடத்தலைவன்மேல் விழுந்தது.

"ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லைங்க" என்றான் அவன். பின்நின்ற வடக்காரர் அனைவரும் தலையசைத்தனர்.

கொப்பரையருகே நின்ற அவளுக்கு அன்றுவரை நிணத்தால் வராத குமட்டல் அப்போது வந்தது.

மன்னன் அளித்த பொற்கடகம் கையில் மின்னக் கணவன் குடிலுக்கு வந்தான். மூலையில் தம்பி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தான். அவள் கேட்குமுன் அவனே பேசினான். "நீ செஞ்சதுக்கு உன் தலை தப்பினதே பெரிசு. நான் வாயத் திறந்திருந்தா மூணு பேரும் போயிருப்போம்."

"பொய் சொன்னத விடுங்க. எங்க உயிருக்காகன்னே வெச்சுக்கறேன். அன்னிக்கு கையத் தூக்கினீங்களே, அது யாருக்காக?"

அவன் சோற்றுக்கலத்தை அருகே இழுத்தான். "பழகின கை. அது தானா தூக்கிருச்சு."

சொல்லிவிட்டு உண்ணத் தொடங்கினான். ஒரு பருக்கையும் எஞ்சாமல் வழித்து, விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பி அவன் உண்டதை அவள் கண்கொட்டாது கண்டாள். இந்தக் கையோடு இனி ஒரு கூரையின்கீழ் வாழ இயலாது என்பது சினமின்றி, அழுகையின்றி, அருவருப்பாக மட்டுமே அவளுக்குத் தெளிந்தது. பொழுது விடிந்ததும் தம்பியைத் தோளில் தாங்கி ஆற்றைக் கடந்தாள். கணவன் பின்தொடரவில்லை, சில திங்களில் கண்காணியும் ஆனான்.

அக்கரையில் தம்பி கூடை முடைந்தான். அவள் அதனை விற்றாள். மண்மேடு எழுப்பிக் கல்லை நிமிர்த்தியபின், அதனைக் காணத் தொலைநாட்டாரும் வந்தனர். இத்துணைப் பெருங்கல்லைப் பூதங்கள் சுமந்தனவோ என்று வியந்து, கூடை வாங்கியபடி ஒருவர் அவளையே கேட்டார்.

"பூதமெல்லாம் இல்லைங்க. மனுசங்கதான். குறுக்க ஆள் கிடந்தாலும் கண்ண மூடிக்கிட்டு இழுத்தாங்க. வேற மந்திரம் ஒண்ணுமில்ல."

அவர் அதனை நகையெனக் கொண்டு சிரித்துச் சென்றார். மழை பொழிந்து, வெயில் காய்ந்து, மன்னனின் குலமும் மறைந்தொழிந்த பின்னரும் கல் நிற்கின்றது. அதன் உயரத்தை அண்ணாந்து அளப்போர் பலர். அது ஊர்ந்துவந்த வழியைக் குனிந்து நோக்குவோர் இலர்.