குழலுக்குச் சேராத குண்டு

மூக்காண்டிக்குத் துப்பாக்கி சுடத் தெரியும், குண்டு வார்க்கத் தெரியாது. தெரியாத வேலையில் தலையைக் கொடுக்கிறவர்கள் முதலில் வீட்டுச் சாமானில்தான் கைவைப்பார்கள். அவரும் வைத்தார். மனைவி அன்னக்கிளி ரசம் வைக்கிற ஈயச் செம்பை எடுத்து உருக்கிவிட்டார்.

"நாசமாப் போச்சு! எங்க அம்மை தந்த செம்புல்லா! உங்க புத்தி எங்கன போச்சு?" என்று அன்னக்கிளி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து நடந்து கத்தினாள்.

செம்பு போனதுதான் மிச்சம், வேலை ஆகவில்லை. சங்கரன்கோவிலில் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார் அதில் வார்த்த குண்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, இது வெள்ளீயம். கனமே இல்ல. உங்களுக்கு வேணுங்கது காரீயம். நகத்தால கீறினா கோடு விழணும்."

இந்தக் கூத்தெல்லாம் எதற்கென்றால், பன்றிக்கு. ஓடைக் கருவேலத்துக்குள் கிடந்த காட்டுப்பன்றிகள் மூக்காண்டியின் மக்காச்சோளத்தை இரண்டு வருசமாக ஒரு கதிர் மிச்சம் வைக்காமல் தின்றிருந்தன. இந்த வருசமும் போனால் சோளக்காட்டை விற்றுவிட்டு, விசைத்தறிக் கூடத்தில் வாட்ச்மேனாக உட்கார வேண்டியதுதான். வீட்டில் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்து ரைபிள் ஒன்று லைசென்ஸோடு இருந்தது. ஆனால் அதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. பழைய பித்தளைக் கூடுகள் இருந்தன, வெடிமருந்தும் வாங்கிக்கொள்ளலாம். கூட்டின் தலையில் செருகுகிற குண்டை மட்டும் சொந்தமாக வார்த்தாக வேண்டும்.

அவர் மைத்துனன் மகாராஜா, அன்னக்கிளியின் தம்பி, வலது கையாக வந்து நின்றான். பழைய காரீயக் குழாய் தேடிக் கொண்டுவந்தவன் அவன். எண்ணெய் தடவிய காரீயத் துண்டைத் துப்பாக்கிக் குழல் வழியாகத் தட்டித் தட்டி மூக்காண்டி மறுபக்கம் எடுத்தார். குழலின் அளவு அச்சு அசலாக அதில் பதிந்திருந்தது. "குடுங்க அத்தான், நான் பைக்குல போயி பாய்கிட்ட குண்டு வார்க்க அச்சு வெட்டிட்டு வாரேன். நீங்க உரம் வைக்கிற சோலியப் பாருங்க" என்று வாங்கிக்கொண்டு போனவனும் அவன்தான். பெற்ற பிள்ளைகூட இப்படி ஓடாது என்று மூக்காண்டி ஊரெல்லாம் சொன்னார்.

வார்ப்பு லேசில் பிடிபடவில்லை. அச்சு சூடேறாமல் ஊற்றினால் குண்டு கிழவி கன்னமாகச் சுருங்கி வந்தது. ஈரமான காரீயத் துண்டைப் போட்டதில் சட்டியே வெடித்தாற்போலத் தெறித்து, மூக்காண்டியின் முழங்கையில் இரண்டு இடத்தில் தோல் உரிந்தது. விடவில்லை மனுசன். மெழுகு போட்டுக் கசடு வழித்து, அச்சுக்கு விளக்குப் புகை காட்டி, கடைசியில் பளபளவென்று வார்த்துவிட்டார்.

சுட்டால் ஒன்றும் படவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பன்றிகூடச் சத்தத்துக்கு ஒதுங்கிப் போய், மறுநாள் திரும்ப வந்தது. "பன்னி அண்ணாச்சிக்கு வணக்கம் வச்சிட்டுப் போவுதாம்லா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். மூக்காண்டி நொறுங்கிப் போனார். கண் போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தார். அன்னக்கிளி அவரை இலவசக் கண் முகாமுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டாள். அப்போதும் படவில்லை. ஒருநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "என் கண்ணு போச்சுட்டி" என்று அழுதே விட்டார். அவளும் கூட உட்கார்ந்து அழுதாள்.

பாதிக் காடு பன்றிக்குப் போன பிறகு ஒரு பகலில், பத்தடி தூரத்தில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தார். சாக்கில் விழுந்த ஓட்டை வட்டமாக இல்லை, நீளமாக இருந்தது. குண்டு நேரே போகாமல் புரண்டு புரண்டு போயிருக்கிறது! கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ரைபிளின் பூட்டை இழுத்துத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லையென்று பார்த்துவிட்டு, குழல் வாயில் ஒரு குண்டை வைத்தார். வாயிலேயே இறுகி நிற்க வேண்டியது, கிணற்றில் கல் போட்டாற்போல கடகடவென்று உள்ளே இறங்கி மறுமுனையில் விழுந்தது.

அச்சைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பட்டறைக்குப் போனார்.

"என்ன வே பாய், அளவைக் கோட்டை விட்டுட்டீரே! என் பொழப்பே போச்சு!"

ஜப்பார் மெஷினை நிறுத்தினார். "நான் எங்க விட்டேன்? குடுத்த துண்டுக்குச் சரியாத்தான் வெட்டப் போனேன். கால் நூல் கம்மியா வெட்டும், அத்தான் சொன்னாருன்னு உங்க மச்சினன்தான் ஒத்தக்கால்ல நின்னாரு. குண்டு ஆடும்யா, போன் போட்டுக் கேக்கட்டுமான்னேன். அத்தான் காட்டுல இருக்காரு, டவர் கிடைக்காதுன்னாரு. நீங்க சொல்லலியா அண்ணாச்சி?"

மூக்காண்டி அச்சைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். கூடவே உட்கார்ந்து, அடுப்பு ஊதி, 'குண்டு தங்கமா வந்திருக்கு அத்தான்' என்று சொல்லிச் சொல்லிக் குழி பறித்திருக்கிறானே பாவி!

வீட்டுக்கு வந்து அன்னக்கிளியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "உன் தம்பி எனக்கு ஏட்டி இப்படிச் செஞ்சான்? நான் அவனுக்கு என்ன குறை வச்சேன்?"

ஐயோ என்று அவள் பதறுவாள் என்று பார்த்தார். அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தையே பார்த்தபடி இருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஓடையில சுருக்குக் கண்ணி போட்டுருக்கான். பன்னிக்கறி ராஜபாளையம் பக்கம் விலைக்குப் போவுது. நீங்க சுட்டு விரட்டிட்டா அவனுக்குப் பொழப்பு ஏது? வெளிய தெரிஞ்சா பாரஸ்ட்காரங்க அவனை உள்ள போட்டுருவாங்க. அக்கா சொல்லிராதன்னு காலைப் பிடிச்சிட்டு அழுதான்."

"கண்ணு போச்சுன்னு நான் அழுதப்ப நீயும் அழுதியேட்டி. அது என்ன அழுகை?"

"நெசமாத்தான் அழுதேன். நீங்க அழுதத என்னால பாக்க முடியல. அதுக்காக அவனைக் காட்டிக் குடுக்க முடியுமா? சோளம் அடுத்த வருசமும் விளையும். தம்பி விளைவானா?"

"புருசன் விளைவானாட்டி?" என்று கேட்டார் மூக்காண்டி.

வெளியே பைக் வந்து நின்றது. "அக்கா, அத்தான் இருக்காரா? இன்னைக்குக் குண்டு ஊத்துவமா?" என்று மகாராஜாவின் குரல் கேட்டது.

அன்னக்கிளி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய், தம்பிக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

பன்றிக்குப் பயந்து விற்காத காட்டை இனி விற்றுவிடலாம் என்று மூக்காண்டிக்குத் தோன்றியது. யாருக்கென்று காவல் காக்க?