பூஜ்யம் காட்டிய வால்வு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வகுப்புக்கு நாங்கள் இருபத்தோரு பெண்களும், கோர்னெல் என்கிற ஒரே ஓர் ஆணும் எங்கள் ஊர் வெந்நீர்க் குளத்தில் இறங்கியபோது தண்ணீர் மார்பளவு இருந்தது. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். என் நீச்சல் உடையின் மேல்பக்கம் ஒரு மஞ்சள் பூ தைத்திருக்கும். அது நனைந்திருந்தது.

பயிற்சி தருபவள் ஜெல்மீரா. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள். இப்போது கரையில் நின்று அதே தாளத்தில் எங்களை விரட்டுகிறாள்.

"கையைத் தூக்கு! இடுப்பைத் திருப்பு! யாருடி அங்க பேச்சு?"

பத்து நிமிஷத்தில் என் மஞ்சள் பூ காய ஆரம்பித்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் எல்லோருடைய இடுப்பும் வெளியே வந்துவிட்டது.

ஜெல்மீரா சுவரில் இருந்த போனை எடுத்தாள். அது ஒலிபெருக்கி வைத்த போன். கீழே கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் புரோகோப்பின் குரல் குளம் முழுக்கக் கேட்கும்.

"புரோகோப், தண்ணி இறங்குது."

"வாய்ப்பே இல்லம்மா. வடிகால் வால்வு மூடியிருக்கு. என் பலகையில பூஜ்யம் சதவீதம்னு காட்டுது."

"இங்க இருபத்திரண்டு தொப்புள் காட்டுது."

"நேத்துதான் வால்வுக்குப் புது மோட்டார் மாட்டி, சுவிட்சு எல்லாம் சரிபண்ணி வச்சிருக்கான் வெண்டெலின். பூஜ்யம்னா பூஜ்யம்தான். உங்க ஆளுங்க துள்ளித் துள்ளித் தண்ணிய வெளிய அடிச்சிருப்பாங்க."

"நாங்க துள்ளி இருபது வருஷம் ஆச்சு, தம்பி!" என்று கத்தினாள் ஹெர்மீனா. எங்களில் மிகப் பெரிய உருவம் அவள்தான்.

வெளியே ஏறலாம்தான். ஆனால் பிப்ரவரி மாதம், ஜன்னலில் பனி உறைந்திருக்கிறது, தண்ணீரோ முப்பத்தாறு டிகிரி. வகுப்பிலும் இன்னும் அரை மணி பாக்கி. யாரும் ஏறவில்லை. தண்ணீர் தொடைக்கு வந்ததும் மண்டியிட்டோம். பிறகு உட்கார்ந்தோம். கடைசியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு காலை உதைத்தோம். ஜெல்மீராவும் விடவில்லை. "இடது கால்! வலது கால்! கோர்னெல், அது என் காலணி, விடுங்க!"

அப்போதுதான் புரோகோப் ஒரு தாளைப் பிடித்தபடி வந்தான். பலகையிலிருந்து அச்செடுத்த வரைபடம். அடியில் ஒரே நேர்கோடு. முழங்கால் ஆழத் தண்ணீரில் எருமைகளைப் போலக் கிடந்த எங்களைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான்.

"பூஜ்யம்தான் காட்டுது," என்றான், கொஞ்சம் மெதுவாக.

ஹெர்மீனா கையை நீட்டித் தாளை வாங்கினாள். அதைத் தண்ணீர்மேல் வைத்தாள். தாள் நகர்ந்தது. கோர்னெலைச் சுற்றிக்கொண்டு, என் காதோரமாகப் போய், மூலையிலிருந்த வடிகால் சல்லடையில் சப்பென்று ஒட்டிக்கொண்டது.

புரோகோப் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "வெண்டெலினைக் கூப்பிடுறேன்," என்றான்.

இந்த இரண்டு ஆண்களையும் நம்பி விட ஜெல்மீராவுக்கு மனசில்லை. துண்டைச் சுற்றிக்கொள்ளச் சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். என் கையில் டார்ச்சைக் கொடுத்தாள்.

வெண்டெலின் நல்ல மின்பணியாளன், ஆனால் ரோஷக்காரன். "நேத்து என் கையால வச்சது," என்று முணுமுணுத்துக்கொண்டே மோட்டாரின் மூடியைக் கழற்றினான். கைச்சக்கரத்தை மூடும் பக்கம் சுற்றினான். ஏற்கெனவே மூடியிருக்கும் வால்வு அசையக் கூடாது. அசைந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஏழு சுற்று போன பிறகுதான் இறுகியது. அதற்குள் அவன் முகம் வாடிப்போயிற்று.

"நேத்து அங்கயே இறுகிடுச்சே! அதுதான் முழு மூடல்னு நெனச்சு, மோட்டார நிறுத்துற சுவிட்ச அங்க வச்சேன். டிரான்ஸ்மிட்டருக்கும் அதுதான் பூஜ்யம்னு சொல்லி வச்சேன். அது பாவம், சொன்னத அப்படியே பலகைக்குச் சொல்லிட்டிருக்கு."

"எதுல இறுகிச்சு?" என்றாள் ஜெல்மீரா.

விடை மேலேயிருந்து வந்தது. படிக்கட்டின் உச்சியில் துண்டோடு நின்ற கோர்னெல் தொண்டையைச் செருமினார்.

"ஞாயித்துக்கிழமை குளத்தக் கழுவ ஒத்தாசைக்கு வந்தேன்ல? சல்லடையக் கழட்டி வச்சிருந்தாங்க. என் துணிசோப்பு ஒண்ணு கைதவறி உள்ள போயிடுச்சு. பெரிய கட்டி. செங்கல்லு மாதிரி."

அந்தச் சோப்புக்கட்டி வால்வுக்குள் மாட்டி ஒருநாள் அடைப்பாக இருந்திருக்கிறது. வெந்நீரில் கரைந்து ஓடியதும் வழி திறந்துகொண்டது.

வெண்டெலின் வேலையைத் தொடங்கினான். மூடல் சுவிட்சைத் தள்ளும் வட்டத் தகட்டை 'டிக்' என்று சத்தம் வரும்வரை நகர்த்தி இறுக்கினான். அடுத்தது டிரான்ஸ்மிட்டர். மீட்டரை ஜெல்மீராவிடம் கொடுத்தான். "நான் திருகாணியத் திருப்புறேன். நாலு வந்ததும் சொல்லு."

அவள் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு!"

வெண்டெலின் நிறுத்தினான். போன் அலறியது. புரோகோப்.

"மைனஸ் ஆறு சதவீதம் காட்டுதுடா! மூடினதுக்கு மேல எப்படிடா மூடும்?"

"மீட்டர்ல நாலு மில்லியாம்ப் வரணும்மா! நான் திருப்புறத எண்ணச் சொன்னேனா?"

"தெளிவாச் சொல்லணும்," என்றாள் ஜெல்மீரா. தபால் நிலையத்தில் முகவரி சரியில்லாத கவர்களை இப்படித்தான் திருப்பித் தருவாள்.

இரண்டாம் முறை மீட்டரில் சரியாக நாலு வந்தது; பலகையில் பூஜ்யம் காட்ட அதுதான் கணக்காம். ஆனால் மறுமுனையையும் வைக்க வேண்டும். முழுத் திறப்பில் இருபது வரவேண்டும். அதற்கு வால்வை முழுதாகத் திறந்தாக வேண்டும். செய்தி சொல்ல என்னை மேலே அனுப்பினார்கள்.

"இருக்கறதும் போயிடுமா?" என்று ஹெர்மீனா எழுந்து உட்கார்ந்தாள். "அவன் திறக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

ஆறு மிதவைப் பலகைகளைச் சல்லடைமேல் அடுக்கினாள். அவற்றின்மேல் உட்கார்ந்தாள். கீழே வால்வு அகலத் திறந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஒருமுனையைத் திருத்தினால் மறுமுனை கொஞ்சம் நகர்ந்தது. நாலு, இருபது, மறுபடி நாலு என்று ஐந்து தடவை. ஐந்து தடவையும் ஹெர்மீனா அரசிபோல அமர்ந்திருந்தாள். கடைசியில் புரோகோப்பே வந்து, "மூடியாச்சு, எந்திரிங்கம்மா," என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. பலகைகளை எடுத்தபிறகு அவன் இன்னொரு தாளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். அது நகரவில்லை. அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

குளம் நிரம்ப மதியமாயிற்று. நாங்கள் படுத்தே கிடந்தோம். முட்டிவலி இல்லை, முதுகுவலி இல்லை, குட்டித் தூக்கம்கூடப் போட்டோம். அடுத்த வாரமே எல்லோரும் கையெழுத்திட்டு மேலாளரிடம் மனு கொடுத்தோம்: மாதம் ஒரு செவ்வாய், முழங்கால் ஆழத்தில் படுக்கை வகுப்பு வேண்டும்.

மேலாளர் சம்மதித்தார். தண்ணீரை அன்று போல மெதுவாக வடிக்க வால்வு நடுவில் நிற்க வேண்டுமாம். அதற்காக வெண்டெலின் மறுபடி மூடியைக் கழற்றி மூன்றாவதாக ஒரு சுவிட்சை வைத்தான். எத்தனை சுற்றில் வைப்பது என்று கேட்டதற்கு ஹெர்மீனா, "ஏழு," என்றாள். அன்று முழுக்க அவன் அவளோடு பேசவில்லை.