சத்தமாச் சொல்லுங்க, சிஸ்டர்

“தோளைப் பிடிங்கம்மா, விட்டுடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி ஏறினாள். கட்டிலில் கிடந்த லிஃப்ட் மெக்கானிக் முதுகு வலியில் வில்லாக வளைந்தார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கத்துகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். இவர் துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணால் மட்டும் மனைவியைத் தேடினார். மனைவி ஒரு கையால் அவர் தோளை அழுத்தி, மறு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கொட்டாவி வேறு. எத்தனை நாள் அழுகையோ, எத்தனை நாள் தூக்கம் பாக்கியோ, பாவம் என்று நர்ஸ் நினைத்தாள்.

டாக்டர் வாசலோடு நின்று எட்டிப் பார்த்தார். “மாத்திரையைக் குறைச்சா எல்லாரும் ஆடற ஆட்டம்தான் இது. சிறுநீர் எடுத்துச் சோதிச்சுப் பாருங்க. திருட்டுத்தனமா எவ்வளவு முழுங்கறார்னு தெரிஞ்சிடும்.”

சில வாரங்களுக்கு முன்னால், குறைக்கலாம் என்று சொன்னதே நர்ஸ்தான். மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர். ஒரு மாதத்துக்குக் கொடுத்த வலி மாத்திரை பாதி மாதத்தில் தீர்ந்து போய், புருஷனும் பெண்டாட்டியுமாக மறுபடி வந்து நின்றார்கள். அப்படி வருகிறவர்களை நர்ஸின் அறைக்கு அனுப்புவது வழக்கம். பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பிடிக்கச் சில கேள்விகள், அப்புறம் அஞ்சு நிமிடப் பேச்சு. “நம்ம சிஸ்டர் அஞ்சு நிமிஷத்துல கல்லையும் கரைச்சிடும்” என்பார் வார்டு ஆயா. “கரைஞ்ச கல்லைத்தான் ஒண்ணையும் கண்ணால பாக்கல.”

கேள்வி கேட்கும்போது கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். வீட்டு ஆள் முன்னால் எவன் உண்மை பேசுவான்? அன்றும் மனைவியை வெளி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள்.

“கொஞ்சம் திறந்தே இருக்கட்டும் சிஸ்டர். குழிக்குள்ள விழுந்ததுல இருந்து மூடின ரூம்னா மூச்சு முட்டுது” என்றார் மெக்கானிக்.

சாண் அளவு திறந்து வைத்தாள்.

“இன்னொண்ணு. காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க.”

சத்தமாகவே கேட்டாள். “இந்த மூணு மாசத்துல, மாத்திரை இல்லாம தவிச்சுப் போனதுண்டா?”

“உண்டு.”

“அதனால வீடு, பொழப்பு எதாச்சும் கெட்டிருக்கா?”

“கெட்டிருக்கு.”

“விட்டுடணும்னு நினைச்சு, முடியாமப் போயிருக்கா?”

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். “தினமும்.”

நர்ஸுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. சத்தியம் பண்ணி மறுக்கிறவர்களையே பார்த்துப் பழகியவள் அவள். ஒத்துக்கொள்கிறவன் பாதிக் கரை ஏறியவன் என்பது அவள் நம்பிக்கை. தொண்டை வலிக்கப் பேசினாள். இது கெட்ட புத்தி இல்லை, மாத்திரை செய்கிற வேலை. தடாலென்று நிறுத்த வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம். வழுக்கி விழுந்தாலும் மறுபடி வரலாம், யாரும் ஏச மாட்டோம். மெக்கானிக் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், மாத்திரையை மனைவியிடம் கொடுத்து வைத்து, வேளைக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அப்போது மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

இன்று காலை கட்டிலில் எடுத்த சிறுநீர்ச் சோதனையின் முடிவு மத்தியானம் வந்தது. மருந்தின் சுவடே இல்லை. திருட்டுத்தனமாக முழுங்குவது இருக்கட்டும், கொடுத்த அளவைக்கூட அவர் தொடவில்லை.

“அப்ப வெளிய விக்கறார்” என்றார் டாக்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். “அடியோட நிறுத்திடுங்க. படுக்கையையும் காலி பண்ணச் சொல்லுங்க.”

நர்ஸ் வேகமாக மெக்கானிக்கின் கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். மனைவியை வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தப் போனவளை மெக்கானிக் கையை உயர்த்தித் தடுத்தார். பழையபடி சாண் அளவு இடைவெளி. அவள் குனிந்து, காற்று மாதிரி மெதுவாகச் சொன்னாள். “மாத்திரைய விக்கறீங்கன்னு டாக்டர் சொல்றார். வாயத் தொறந்து எதாச்சும் சொல்லுங்கண்ணே. இல்லேன்னா நாளைல இருந்து உங்களுக்கு ஒரு மாத்திரைகூடக் கிடைக்காது.”

அவர் கதவிடுக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“முதல் மாத்திரைய நான்தான் கொடுத்தேன் சிஸ்டர். என்னைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போச்சு. ஒண்ணு போட்டுக்கோ, தூங்குன்னேன். அப்புறம் ஆளுக்குப் பாதின்னு ஓடிச்சு. நீங்க குறைச்சீங்க. குறைச்சது அவளுக்கே காணல.”

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது தன் வாய்தான் என்பது நர்ஸுக்கு உறைத்தது. மூக்கொழுகல், கொட்டாவி. மாத்திரை கிடைக்காமல் தவிக்கிறவர்களுக்கு வருவதென்று பாடமாகப் படித்த அடையாளங்கள். கட்டிலில் தேடியதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பார்க்கத் தோன்றவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?” என்றாள், உதடு மட்டும் அசைய.

“உங்ககிட்டக் கூப்பிட்டா அவ வரமாட்டா. யாராச்சும் சொல்லி அவ காதுல விழணும்ல.” மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். “எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும், சிஸ்டர்.”

கதவிடுக்கில் நாற்காலியின் ஒரு கால் தெரிந்தது. காலையில் அது எதிர்ச் சுவர் ஓரமாகக் கிடந்த நாற்காலி. அதற்கு மேலே, மனைவியின் மூக்கருகே போன கைக்குட்டை துடைக்காமல் அப்படியே நின்றிருந்தது.