நெற்றியால் தள்ளும் திரை

1.

இந்தக் கதையை எழுத எனக்கு ஒரே காரணம்தான்: தற்பெருமை. அந்தத் திரைக்குத் துணி தைத்தவன் நான்.

இதை இந்த ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒருவர் தன் வேட்டையைப் பற்றிப் பீற்றிக்கொண்டால் அது சீல்களின் காதில் விழுந்துவிடும், அப்புறம் அவர் பக்கம் ஒன்றும் தலைகாட்டாது என்பார்கள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கவேண்டிய சீலைக் கொண்டுவந்தவர்கூட, "ஏதோ ஒண்ணு, மெலிஞ்சது" என்றுதான் சொல்வார். கிரீன்லாந்தின் இந்த வடமேற்குக் கரையில் பதினெட்டு வருடமாகக் கடை நடத்தி நானும் வாயைக் கட்டப் பழகிவிட்டேன். ஆனால் தமிழ் இங்கத்துச் சீல்களுக்குப் புரியாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

(சீலுக்குத் தமிழில் கடல்நாய் என்று நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் பதினோரு நிஜ நாய்கள் வருகின்றன. குழப்பம் வேண்டாம்.)

2.

தொடக்கம் ஒன்று: "மே மாதத்துச் சூரியன் உறைந்த கடலின் மேல் மறைய மறந்து" — வேண்டாம். இங்கே மே மாதத்தில் சூரியன் மறைவதே கிடையாது. அது எதையும் மறக்கவில்லை.

தொடக்கம் இரண்டு: "துக்குமெக் என்ற வீரப்பெண்" — இதை அவளிடமே அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். "யாரு அது? நம்ம ஊரா?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று, இதுவே நிற்கட்டும். துக்குமெக்குக்கு நாற்பத்து மூன்று வயது. ஊரின் எட்டு வேட்டைக்காரர்களில் ஒருத்தி. போன ஜனவரியில் சறுக்குவண்டி கவிழ்ந்து அவளுடைய வலது தோள் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, கைக்குப் பலம் திரும்பவில்லை.

வசந்தத்தில் சீல்கள் உறைந்த கடலில் உள்ள துளை வழியாகப் பனிமேல் ஏறி வெயில் காயும். ஒரு நிமிடம் தூங்கும், தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும், மறுபடி தூங்கும். அது தூங்கும்போது நாம் நகர வேண்டும், பார்க்கும்போது கல்லாகிவிட வேண்டும். இரண்டு சின்னச் சறுக்குக் கட்டைகளின் மேல் வெள்ளைத் துணித் திரையை நிறுத்தி, அதன் பின்னால் வயிற்றால் ஊர்ந்து, ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டே போவார்கள். இன்னொரு கை துப்பாக்கிக்கு. துக்குமெக்கிடம் இருந்தது மொத்தமே ஒரு கை.

3.

இலாங்குவாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று நாள் தவித்தேன். முதல் பிரதியில் அவருக்கு "நரிக்கண்" கொடுத்திருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்ற ஆசை. ஆனால் அவர் துக்குமெக்கின் அத்தை மகன், நல்ல வேட்டைக்காரர், என்னிடம் கடன்கூடச் சொன்னதில்லை. ஜனவரியிலிருந்து அவளுடைய வண்டி இழுக்கும் நாய்களுக்கு அதிகமாக இறைச்சி கொடுத்தவரும் அவர்தான். அதுதான் அவளுக்கு வலித்தது.

ஏப்ரல் கடைசியில் என் கடைவாசலில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"ஏ புள்ள, நாய்ங்களை எங்கிட்ட விட்டுடு. நல்லா வெச்சுப்பேன்."

"விட்டுட்டு? இந்தக் கடைக்காரன்கூட உக்காந்து பிஸ்கட் அடுக்கவா?"

"பிஸ்கட்டு கவுக்காது. தோளை ஒடைக்காது."

"மச்சான், என் நாய்ங்களைப் பாத்தா உன் நாய்ங்க வாலைச் சுருட்டிக்கும். மொதல்ல அதுங்களைக் கேட்டுட்டு வா."

சிரித்தார்கள். அப்புறம் அவள் குரலைத் தாழ்த்தினாள். "பனி ஒடையறதுக்குள்ள ஒரு சீலாவது கொண்டாறேன். இல்லன்னா நானே ஓட்டிட்டு வந்து உன் வாசல்ல கட்டறேன்."

நாய் இல்லாத ஆளை இங்கே யாரும் வேட்டைக்காரர் என்று சொல்வதில்லை. அவள் பந்தயம் வைத்தது பதினோரு நாய்களை மட்டும் அல்ல.

4.

இந்தப் பகுதியை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுகிறேன்.

இலாங்குவாக்கின் திரை மரச்சட்டம், ஒன்பது கிலோ. நானும் துக்குமெக்கும் சேர்ந்து செய்ததைக் கடைத்தராசில் வைத்தேன்: இரண்டு கிலோ முந்நூறு கிராம். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட குழந்தைகளின் சறுக்குக் கட்டைகள், அடியில் சத்தம் வராமலிருக்கக் கரடித்தோல் பட்டை. கிழிந்த கூடாரத்தின் அலுமினியக் குழாய்கள் சட்டமாயின. என் வெள்ளைப் படுக்கைவிரிப்பு திரைத்துணியாயிற்று. நான்கு முடிச்சை இழுத்தால் மொத்தமும் மடிந்து கக்கத்தில் அடங்கிவிடும். குறுக்குக் கட்டையிலேயே துப்பாக்கி உட்கார ஒரு கவட்டை வைத்தோம், தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இடது தோளில் வைத்துச் சுட அவள் மார்ச்சிலிருந்தே பழகியிருந்தாள்.

"எல்லாம் சரி, தள்றது எதால?" என்று கேட்டேன்.

"தலை சும்மாத்தானே இருக்கு?" என்றாள்.

பழைய கையுறையில் முயல்மயிரைத் திணித்து, சட்டத்தின் பின்பக்கம் நெற்றி உயரத்தில் கட்டினாள். குப்புறப் படுத்து நெற்றியால் ஒரு முட்டு. திரை ஒரு முழம் தானாக ஓடி நின்றது. அவள் பெருமிதத்தோடு என்னைப் பார்த்து —

(இந்த வாக்கியத்தை அவளே நிறுத்தச் சொன்னாள். "நான் அப்படிப் பாக்கல. கண்ணுல பனி விழுந்துச்சு." சரி. பெருமிதத்தோடு பார்த்தது நான்.)

5.

"காற்று திசை மாறியது. மூன்று சீல்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் துளைக்குள் நழுவின."

அவளுடைய முதல் பயணத்தைப் பற்றிய இந்த வரி மூன்று பிரதிகளில் தப்பிப் பிழைத்துவிட்டது. வரி பொய். அன்று காற்றே இல்லை. சீல்கள் மட்டும் நிஜமாகவே ஓடின, இருநூறு மீட்டருக்கு முன்பே.

இரண்டாவது பயணத்திலும் அப்படியே. மறுநாள் இலாங்குவாக் வந்து திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கடைக்கு எதிரே பனியில் தொப்பென்று விழுந்தார்.

"நான்தான் சீல். வா பாப்போம்."

ஐம்பது வயது மனிதர் கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு தூங்கினார், தலையைத் தூக்கினார், மூக்கை உறிஞ்சினார், மறுபடி தூங்கினார். ஊரே சுற்றி நின்று சிரித்தது. துக்குமெக் தூரத்திலிருந்து நெற்றியால் முட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது முறை தலையைத் தூக்கியவர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார்.

"அய்யய்யோ! கடைக்காரன் சூரியனைக் கத்தரிச்சுத் தச்சுக் குடுத்திருக்கான்டோய்!"

குற்றவாளி நான். தைக்கும் முன் அந்தப் படுக்கைவிரிப்பை இரண்டு முறை வெளுத்து, அக்கா பார்சலில் அனுப்பிய சொட்டு நீலம் போட்டு அலசியிருந்தேன். வெள்ளை என்றால் பளிச்சென்று இருக்க வேண்டாமா? ஆனால் மே மாதத்துப் பனி பழுப்பேறியது, அழுக்குப் பிடித்தது. அதன் நடுவே என் துணி கல்யாண மாப்பிள்ளை வேட்டிபோல நின்றிருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது.

துக்குமெக் துணியைக் கழற்றித் தேநீர்ச் சக்கை கொதித்த நீரில் ஊறப்போட்டாள். காய்ந்ததும் இலாங்குவாக் மறுபடி போய்ப் படுத்தார், இந்த முறை ஒரு மணி நேரம். நாய்கள் தனக்கு வர வேண்டும் என்று நினைத்தவர், அவை வராமலிருக்க வழி செய்துகொண்டு பனியில் விறைத்துக் கிடந்தார். நரிக்கண்ணுக்காக நான் அவரிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

6.

ஜூன் முதல் வாரம். கரையோரப் பனியில் விரிசல் கண்டுவிட்டது. அடுத்த காற்றில் உடையும் என்று எல்லோருக்கும் தெரியும். அது கடைசிப் பயணம்.

கடையைப் பூட்டிவிட்டுப் பாறைமேல் ஏறி பைனாகுலரில் பார்த்தேன். சறுக்குவண்டி நின்றது, நாய்கள் படுத்திருந்தன. வெகு தொலைவில் ஒரு கரும்புள்ளி, சீல். நடுவில் என் திரை. நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், திரையைக் காணோம். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் தேடினேன். நானே அளந்து, நானே வெட்டி, நானே தைத்த துணி எனக்கே தெரியவில்லை. கதாநாயகியைத் தொலைத்துவிட்டு நிற்கும் எழுத்தாளன் அழ வேண்டும். நான் பாறைமேல் தனியாக நின்று கைதட்டினேன்.

அப்போது ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

7.

முடிவு அ: "சீல் அசையவில்லை. அவள் எழுந்து நின்று" —

முடிவு ஆ: "குண்டு அரை விரற்கடை தள்ளிப் போக, நீர் ஒருமுறை குமிழிட்டு" —

இரண்டையும் அவளிடம் சொல்லிக் காட்டினேன். "கெடைச்சுதா இல்லையான்னு எழுதாதே" என்றாள். "நானே சொல்ல மாட்டேன். நீ யாரு சொல்ல?"

சரி. நடந்ததில் என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

நான் பாறையிலிருந்து இறங்கும்போது வண்டி இன்னும் கரை வளையும் முனையைச் சுற்றி வரவில்லை. ஆனால் ஊர் கரைக்கு வந்துவிட்டிருந்தது. ஒரு வெடிச்சத்தத்தை நம்பி, இறைச்சிப் பங்கு வாங்க ஆளுக்கொரு வாளியோடும் கத்தியோடும் வந்து நின்றார்கள். கடைவாசலில் கிடந்த சின்ன வாளியை எடுத்துக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்தேன். முன்வரிசையில் இலாங்குவாக். அவர் கையில் நாய்ச்சங்கிலி இல்லை. ஊரிலேயே பெரிய வாளி இருந்தது.

"என்னய்யா, இந்தச் சொம்புல ஈரல்கூடக் கொள்ளாதே" என்று என் வாளியைப் பார்த்துச் சொன்னார். "போய்ப் பெருசா ஒண்ணு எடுத்துட்டு வா. சுட்டது யாருன்னு நெனச்சே?"

நான் ஓடிப்போய்க் கடையிலிருந்து புது வாளி ஒன்றை எடுத்துவந்து அவர் பக்கத்தில் நின்றேன். முனையில் முதல் நாயின் தலை தெரிந்தது. சுமை இருந்தால் நாய்கள் மெல்ல வரும், வெறும் வண்டியென்றால் பறந்து வரும். அவை எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். எனக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறேன். வாளியோடு வந்து நின்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.